இடப்பக்கப் பிறேக்

செப்டெம்பர் 7, ஞாயிறு

இன்றைக்கும் பல்கனியில் நின்று எங்கள் சைக்கிள் கூட்டம் போவதைப் பார்த்தேன். கடலோர மரைன் டிரைவில் ஒரே வரிசை, ஒருவருடைய பின்சில்லை மற்றவருடைய முன்சில்லு முட்டாத குறையாக. என் சிநேகிதி ஜுமானா கை காட்டினாள். நானும் வலக்கையைத் தூக்கிக் காட்டினேன். இடக்கையையும் தூக்கலாம், ஆனால் விரல்கள் அரைவாசி மடங்கியபடியே நிற்கும். தூரத்தில் இருந்து பார்க்கிறவர்கள் சண்டைக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைப்பார்கள்.

பம்பலப்பிட்டியில் ஓட்டோ இடித்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. தோள் சரி, முழங்கை மடங்கும், விரல்கள்தான் ஒன்றையும் இழுத்துப் பிடிக்காது. நரம்பு போனது போனதுதான் என்று டொக்டரும் கைவிரித்துவிட்டார். சைக்கிளுக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. அறை மூலையில் சுகமாக நிற்கிறது.

போன கிழமை யேசுரட்ணம் அங்கிளிடம், திரும்ப ஓட வரட்டோ என்று வாய்விட்டுக் கேட்டேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிறேக் பிடிக்க முடியாத ஆளைக் கூட்டத்துக்குள் விட முடியாது, பின்னால் வருகிற வான் வண்டியில் ஏறுங்கோ, தண்ணீர் கொடுக்க ஆள் தேவை என்றார். நீர்கொழும்பு வரை முன்னுக்கு நின்று, பின்னால் வருகிறவர்களுக்குக் காற்றை முறித்துக் கொடுத்தவள் நான். எனக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டுகிற வேலையா?

செப்டெம்பர் 9, செவ்வாய்

வானில் ஏற மாட்டேன். சைக்கிளை மாற்றுவேன்.

செப்டெம்பர் 13, சனி

ஒஃபிசில் மற்றவர்களுடைய வீடுகளுக்கு வரைபடம் கீறுகிறேன், என் சைக்கிளுக்கு ஒன்று கீற முடியாதா? இரண்டு நாளாக அதுதான் வேலை.

யோசனை இதுதான். இடக்கைக்கு ஒரு வேலையும் வைக்கக் கூடாது. முன்னுக்கு, பெடலடியில், இரண்டு பற்சில்லு இருந்தால்தானே இடப்பக்கம் கியர் மாற்ற வேண்டும்? ஒன்றைக் கழற்றி எறிந்தால் தீர்ந்தது. பின்பக்கக் கியர் எப்போதும் வலக்கையில்தான். மிச்சம் பிறேக். வலப்பக்கப் பிடியை இழுத்தால் முன்சில்லும் பின்சில்லும் சேர்ந்து நிற்க வேண்டும். ஒரு கேபிள் போய் இரண்டாகப் பிரிகிற மாதிரி நடுவில் ஒரு சின்ன அலுமினியக் கட்டை.

டாம் வீதியில் சைக்கிள் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். வரைபடத்தைக் கவனமாகப் பார்த்தார்கள், பிறகு என் கையைப் பார்த்தார்கள், பிறகு "நே மிஸ்", இல்லை மிஸ், என்றார்கள். கடைசிக் கடையில் ஒருவர் இலக்ட்ரிக் ஸ்கூட்டி வாங்குங்கோ என்று சிங்களத்தில் அன்பாகப் புத்தி சொன்னார். அன்பு வேண்டாம் ஐயா, அலுமினியம் போதும்.

செப்டெம்பர் 20, சனி

கட்டை வந்துவிட்டது. ஜுமானாவின் மாமா ஜிந்துப்பிட்டியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், அங்கே கடைந்தது. என் அளவு அச்சொட்டாகப் பொருந்தியது. அவர் ஒரு திருத்தமும் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் வேறு யாரிடமும் சொன்னால் பெருமை அடிக்கிறேன் என்பார்கள். பெருமைதான் அடிக்கிறேன்.

ஒரு கையால் கேபிள் கோப்பது என்றால் முழங்கால், பல், கதவிடுக்கு எல்லாம் கை ஆக வேண்டும். அம்மா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தா. உதவட்டோ என்று கேட்கவில்லை, கேட்டால் கடிப்பேன் என்று தெரியும். கொஞ்ச நேரத்தால், "வாயில வச்சதெல்லாம் கழுவின சாமானோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டா.

செப்டெம்பர் 25, வியாழன்

நின்றது!

விடியக் காலையில் மரைன் டிரைவில் ஓடிப் பார்த்தேன். ரயில் பக்கத்தில் வர, அதோடு போட்டி போட்டு மிதித்து, பிடியை இழுத்தேன், இரண்டு சில்லும் சேர்ந்து பிடித்தன. திரும்பப் போய்த் திரும்ப நின்றேன். கடலைப் பார்த்துக்கொண்டு நடந்த ஐயா ஒருவர் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றும் இல்லை, நிற்கிறேன் என்றேன்.

அங்கிளுக்குப் போன் செய்தேன். ஒக்டோபர் ஐந்தாம் திகதி காலை கொட்டாஞ்சேனைக்கு வாருங்கோ, பேராலயத்துக்குப் பக்கத்து இறக்கத்தில் விட்டுப் பார்ப்போம், நான் கீறுகிற கோட்டுக்குள் நின்றால் கூட்டத்தில் ஓடலாம் என்றார். வலு நியாயமான மனிசன். கோபிக்கக்கூட இடம் தர மாட்டார்.

ஒக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. அம்மா தையல் மெஷினையும் என் ஸ்கேல், பென்சில்களையும் சாமி அறையில் வைத்தா. பிறகு கேட்காமலே சைக்கிளையும் உருட்டிக்கொண்டு வந்தா. ஹாண்டிலில் பூமாலை, பாரில் திருநீறு, இரண்டு ரிம்மிலும் சுற்றிவரச் சந்தனமும் குங்குமமும். விபத்துக்குப் பிறகு அந்தச் சைக்கிளை அவ தொட்டது இன்றைக்குத்தான். விற்றுத் தொலை என்று எத்தனை தரம் சொன்னவ.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாம்பிராணிப் புகை என்று சமாளித்தேன்.

ஒக்டோபர் 4, சனி

ஒஃபிசால் வர இருட்டிவிட்டது. அம்மா பொட்டெல்லாம் துடைத்து வைத்திருக்கிறா. சைக்கிள் கல்யாணப் பொம்பிளை மாதிரி மினுங்குகிறது. நாளைக்குப் பார்ப்போம் அங்கிள்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

நிக்கேல்ல.

எழுதவே பிடிக்கேல்ல. ஆனா எழுதாட்டி மண்டை வெடிச்சிடும்.

மழை தூறியதால் ஜுமானாவின் வானில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனோம். இறக்கத்தின் உச்சியில் இறக்கினோம், நான் நேரே ஏறிவிட்டேன். ஒருதரம் பிடித்துப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? பெருமை. வேறென்ன. கீழே அங்கிள் சோக்கால் கோடு கீறிவிட்டு நின்றார், பக்கத்தில் அவருடைய மனைவி யோசெப்பின் அன்ரி. கோட்டுக்கு நல்ல முன்னமே இழுத்தேன். பிடி ஹாண்டிலோடு ஒட்டுகிற வரை இழுத்தேன். சில்லு வழுக்கிக்கொண்டு போகிறது, போகிறது — அன்ரி பாய்ந்து விலகினா — நான் இரண்டு காலையும் ரோட்டில் தேய்த்து, மதிலோடு உரசிக்கொண்டு நின்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். அங்கிள் வந்து சைக்கிளை நிமிர்த்தித் தந்தார். "எல்லாத்தையும் ஒரு கையில குடுத்திட்டியள், மேனுகா. அந்தக் கை விட்டா வேற ஒண்டும் இல்லை."

உங்களுக்கு நான் வாறது விருப்பம் இல்லை, அதைச் சொல்லுங்கோ என்று கத்தினேன். சொல்லியிருக்கக் கூடாது. திரும்பி வரும்போது ஜுமானா வானை ஓட்டிக்கொண்டே சொன்னாள்: இரண்டு வருடத்துக்கு முன், நான் கூட்டத்தில் சேர முதல், பிறேக் தேய்ந்த ஒருவன் பின்னால் வந்து அடித்து யோசெப்பின் அன்ரிக்குக் காறை எலும்பு முறிந்ததாம். அதற்குப் பிறகு அன்ரி நிமிஷத்துக்கு ஒருதரம் திரும்பித் திரும்பிப் பார்த்துத்தான் ஓடுவா. நானும் எத்தனை நாள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், காரணம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, பிறேக் கட்டை பிடிக்கிற ரிம்மைத் தடவினேன். விரல் மினுங்கியது. மணந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

அம்மா பயந்துபோய்ச் சொன்னா: "குங்குமக் கறை தண்ணிக்குப் போகேல்லயடி. குத்துவிளக்குக்குச் செய்யிற மாதிரி எண்ணெய் தொட்டுத் துடைச்சனான். வடிவா இருக்கட்டும் எண்டு."

நான் என்ன கத்தினேன் என்பதை எழுத மாட்டேன். கீழ்மாடிக்கும் கேட்டிருக்கும்.

ஒக்டோபர் 6, திங்கள்

போயா, பௌர்ணமி லீவு. அம்மாவும் நானும் கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் மேசையில் வந்து இருக்கிறது.

ஒக்டோபர் 8, புதன்

கோபம் இறங்கிய பிறகு ஒரு விஷயம் முள்ளாகக் குத்துகிறது. எண்ணெய் பூசியது அம்மா. சரி. ஆனால் மழைச்சேறு பட்டாலும் வழுக்கும்தானே? அந்த ஒற்றைக் கேபிள் அறுந்தால்? வலக்கை விறைத்தால்? முன்னும் பின்னும் சேர்ந்து போய்விடும். அங்கிள் சொன்னது எண்ணெயைப் பற்றி அல்ல. அவருக்கு எண்ணெய் விஷயம் இன்னும் தெரியவே தெரியாது.

என் அழகான கட்டை பிழை.

பின்னேரம் அம்மா ரொட்டிக்கு மா எடுத்தா. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது, அப்பாவுக்கும் வராதாம். தட்டை என் பக்கம் இழுத்துக் குழைக்கத் தொடங்கினேன். அம்மா விட்டுவிட்டா. துருவிய தேங்காய்ப்பூ மட்டும் தூவித் தூவித் தந்தா.

அப்போதுதான் பார்த்தேன். இடக்கைதான் மாவை அமத்துகிறது. விரல்கள் சும்மா மடங்கிக் கிடக்க, உள்ளங்கை அடி, தோளின் பாரம் முழுதையும் வாங்கி, மாவைத் தட்டோடு தட்டாக நசுக்குகிறது. ஒரு வருடமாக இந்தக் கையால் இழுக்க முடியாது, இழுக்க முடியாது என்றே அழுதுகொண்டிருந்தேன். அமத்த முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மாக் கையோடு போய் ஹாண்டிலைப் பிடித்துப் பார்த்தேன். அம்மா பின்னால் வந்து, "அதில மாவையும் பூசிப்போட்டு என்னைப் பேசாத" என்றா. மூன்று நாளுக்குப் பிறகு சிரித்தோம்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

கட்டையைக் கழற்றினேன். கழற்ற மனமே வரவில்லை, பொய் சொல்லக் கூடாது. அவ்வளவு வடிவான சாமான்.

இப்போது வலப்பக்கப் பிடி முன்சில்லுக்கு மட்டும். பின்சில்லுக்கு இடப்பக்கம், ஹாண்டிலின் தட்டையான மேற்பகுதியில், ஒரு சின்னப் பிடி. அது சாதாரணப் பொம்பிளைச் சைக்கிளில் இருந்து கழற்றியது. விரலால் இழுக்கிற மாதிரி இல்லாமல் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினேன், வாய் மேலே பார்க்கும். உள்ளங்கையை அதில் வைத்துப் பாரத்தைக் கொடுத்தால் பிறேக் பிடிக்கும். முதல் கோணம் சரிவரவில்லை, மணிக்கட்டு நொந்தது. கொஞ்சம் உள்ளே தள்ளி, கொஞ்சம் என் பக்கம் சாய்த்தேன். இப்போது கை தானாகப் போய் இருக்கிறது.

பிறேக் கட்டைகள் நான்கும் புதிது. ரிம் இரண்டையும் அம்மாதான் சவர்க்காரமும் தேசிக்காய்ப் புளியும் போட்டு உரஞ்சினா. நான் கேட்கவில்லை. உரஞ்சி முடித்துவிட்டு என்னிடம் தந்து, இப்ப மணந்து பார் என்றா.

ஒக்டோபர் 19, ஞாயிறு

போகும் முன் வீட்டடியில் பிடித்துப் பார்த்தேன். கொட்டாஞ்சேனையில் இறங்கியும் பிடித்துப் பார்த்தேன். முதலில் அங்கிளிடம், அன்றைக்குக் கத்தியது பிழை என்றேன். அவர் காதில் விழாத மாதிரிக் கோடு கீறினார்.

நல்ல மழை. நிற்கட்டும் என்று காத்திருக்கலாம் என்றார். மழையில்தானே பார்க்க வேண்டும் என்றேன்.

முதல் தரம் இரண்டு கையும். நின்றேன். இரண்டாம் தரம் வலக்கை மட்டும் என்றார். நின்றேன். மூன்றாம் தரம் இடக்கை மட்டும் என்றார். ஜுமானா, அது என்ன நியாயம் என்று சண்டைக்குப் போனாள், நான் அவளைச் சும்மா இருக்கச் சொன்னேன். உச்சியில் இருந்து விட்டேன். தோளில் இருந்து பாரம் இறங்கி உள்ளங்கைக்கு வந்தது. பின்சில்லு கொஞ்சம் ஆடியது, சீறியது, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றது. என் கை. இந்தக் கை நிற்பாட்டிய சைக்கிள்.

அங்கிள் குனிந்து தன் உள்ளங்கையை அந்தப் பிடியில் வைத்து ஒருதரம் அமத்திப் பார்த்தார். "ஆர் செய்தது?" என்றார்.

"நான்."

"தீபாவளி முடிய வாங்கோ."

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் முழுக்கு. அம்மா சைக்கிள் நிற்கிற அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் எண்ணெய்ப் போத்தலைத் திறந்தா.

நவம்பர் 2, ஞாயிறு

நீர்கொழும்பு போய் வந்தாயிற்று. கால் இரண்டும் கல். நாளைக்கு ஒஃபிசில் படியேற முடியாது, அதையும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டுதான் ஏறுவேன்.

கொட்டாஞ்சேனையில் கூட்டம் சேர்ந்தபோது என்னைக் கடைசியில் விடுவார் என்றுதான் நினைத்தேன். அப்படி விட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட வழியில் பாடமாக்கிக்கொண்டு போனேன். அங்கிள் வரிசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டு வந்து, யோசெப்பின் அன்ரியை நடுவில் விட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் இவவுக்குப் பின்னால" என்றார். அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று ஒரு சொல் இல்லை. பாடமாக்கியதெல்லாம் வீண்.

வத்தளை வரை அன்ரி வழக்கம்போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தா. ஒவ்வொரு தரமும் நான் இன்னும் கொஞ்சம் பின்னுக்கு விட்டேன். வத்தளை தாண்டியதும் பஸ் ஒன்று சட்டென்று ஓரம் கட்டியது, முன்னால் எல்லோரும் பிறேக் பிடித்தார்கள், அன்ரியும் பிடித்தா, நானும் பிடித்தேன், இரண்டு கையும். அவவுடைய பின்சில்லுக்கும் என் முன்சில்லுக்கும் நடுவில் ஓர் ஆள் நடந்து போகலாம். அன்ரி திரும்பி அந்த இடைவெளியைப் பார்த்தா. என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஜா-எல வந்தது, போனது. அன்ரி மகளுடைய புது வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினா. குசினி சின்னனாம், ஜன்னல் மேற்குப் பக்கமாம், நீ வரைபடம் கீறுகிறவள்தானே, வந்து ஒருக்காப் பாரன் என்றா. காற்றில் பாதி கேட்கவில்லை. நீர்கொழும்பு வரை அப்படியே கதைத்துக்கொண்டு வந்தா, ரோட்டைப் பார்த்தபடி, ஒருதரமும் திரும்பாமல்.