வைகாசியில் எடுத்த படம்

எப்போதும்வென்றான்,
ஆடி 9, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பிரித்திகாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஆடு கோழிகளும் நல்ல சுகம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன்.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற பிள்ளைக்குக் கடிதம் எதற்கு என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. "வீட்ல இருந்து கையால எழுதுன லெட்டர் ஒண்ணு வேணும்மா, புதன்கிழம கிளாஸ்ல வாசிச்சு இங்கிலீஷ்ல சொல்லணும்" என்றாய். இருபது நாட்டுப் பிள்ளைகளும் கேட்பார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குக் கை வேர்க்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மனுதான். என் போன் கேமராவில் எல்லாம் புகைமூட்டமாகத் தெரிவதால், எழுதி முடித்ததும் அப்பாதான் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவார்கள்.

நீ கொரியாவுக்குப் போயிருப்பது தெருவில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பிள்ளை எதற்குப் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டு மாடத்தி மதினி கேட்டாள். பல நாட்டுப் பிள்ளைகள் ஒரு பல்கலைக்கழகத்தில் ஐந்து வாரம் ஒன்றாகத் தங்கி உலகப் பிரச்சினைகளைப் பற்றிப் பேசுவார்கள், அவரவர் ஊர்ப் பழக்கத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள் என்றேன். "பிரச்சினையப் பேச அம்புட்டு தூரம் போவணுமாக்கும்? நம்ம குழாயடிக்கு வந்தா பத்தாதா" என்கிறாள். இதை வகுப்பில் வாசி, சிரிக்கட்டும்.

உன் வகுப்புப் பிள்ளைகள் கேட்டனுப்பிய கேள்விகளுக்கு வருகிறேன். மண் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்ட பிள்ளைக்கு என்னிடம் பதில் இல்லை. மண்ணைப் பற்றிப் படிக்கிறவள் நீ, நீயே சொல். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மழை பெய்துவிட்டால் இந்த மண் காலில் இருக்கிற செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் காட்டுக்குப் போகிற எல்லாரும் செருப்பைக் கையில்தான் வைத்திருப்போம். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்லுவோம்; புலி இருக்கிற காடு என்று சொல்லி வைத்துவிடாதே.

தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள் என்று இன்னொரு பிள்ளை கேட்டதாம். வானத்தைப் பார்ப்போம். கிணறும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. புரட்டாசியில், மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியில் விதைத்துவிடுவோம். பெய்த பிறகு விதைக்கலாமே என்றால் முடியாது. ஈர மண்ணில் மாடு இறங்கினாலும் டிராக்டர் இறங்கினாலும் புதைந்துவிடும். அதனால் விதை முன்னால் போய்க் காத்திருக்கும். மழை வராவிட்டால் என்ன ஆகும் என்று உன்னோடு அறையில் தங்கியிருக்கிற பின்லாந்துப் பெண் கேட்டாளாமே. எறும்பு கொஞ்சம் தின்னும், புறா கொஞ்சம் தின்னும். அரைகுறையாகத் தூறி, முளைத்துக் கருகிப்போவதும் உண்டு. அப்போது திட்டிக்கொண்டே மறுபடியும் விதைப்போம். யாரைத் திட்டுவோம் என்பதை இங்கிலீஷில் சொல்ல வேண்டாம்.

இனி நான் கேட்கிறேன். அந்தப் பின்லாந்துப் பெண்ணின் ஊரில் கோடையில் இருட்டே வராது என்றாயே, அப்படியானால் கோழி எப்போது போய் அடையும்? சின்னப் பிள்ளைகளை என்ன சொல்லித் தூங்க வைப்பார்கள்? கென்யாக்காரப் பெண் தன் ஊரிலும் இதே கறுப்பு மண் இருக்கிறது, மழையில் லாரி மாட்டிக்கொள்ளும் என்றாளாமே. அவள் அம்மா அதில் என்ன விதைக்கிறாள்? அவர்களும் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்களா? மறக்காமல் கேட்டுச் சொல். நீ கொண்டுபோன கடலை மிட்டாயைக் கொரியாக்காரப் பிள்ளை கத்திரிக்கோலால் வெட்டினாள் என்றாய். கறியைக்கூட அங்கே அப்படித்தான் வெட்டுவார்களாமே. எனக்கு அது பிடித்துப் போயிற்று. முந்தாநாள் கீரைத்தண்டைத் தையல் கத்திரிக்கோலால் வெட்டிப் பார்த்தேன், சுருக்காக முடிந்தது. அப்பா பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

வகுப்பில் இதுவரை வாசித்தால் போதும். இதற்குக் கீழே உள்ளது உனக்கு மட்டும்.

போன செவ்வாய்க்கிழமை போனில் ஒரு விஷயம் சொன்னாய். உங்கள் குழு எடுத்துக்கொண்டது சூரிய மின்சாரம். வறண்ட ஊர்களில் சும்மா கிடக்கிற நிலங்களில் சோலார் தகடு பதிக்கலாம் என்பது உங்கள் திட்டம். அதற்கு நம் காட்டின் படத்தைத் திரையில் காட்டியிருக்கிறாய். வைகாசிக் கடைசியில், நீ இங்கே வீட்டில் இருந்தபோது எடுத்தது. புல்பூண்டு எதுவும் இல்லாமல், கறுப்புக் கட்டி கட்டியாகக் கிடக்கிற படம். இந்த மாதிரி நிலத்தைக் கொடுக்கலாமா என்று கேட்டதும் எல்லாரும் கை தூக்கினார்கள் என்றாய். "நானும் தூக்கிட்டேம்மா" என்று சிரித்தாய். அப்பா அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது.

உனக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. நீ போன பிறகு, கோவில்பட்டியிலிருந்து ராஜமணி என்று ஒரு தரகர் மூன்று முறை வந்துவிட்டார். சோலார் கம்பெனிக்கு நிலம் பிடித்துக் கொடுக்கிறவர். நமக்குத் தெற்கே இசக்கிமுருகன் சித்தப்பா காடு ஏற்கெனவே போய்விட்டது, கம்பிவேலியும் போட்டாயிற்று. நம் நாலு ஏக்கரும் சேர்ந்தால் அவர்களுக்குச் சதுரமாக வருமாம். முதல் இரண்டு தடவையும் அப்பா யோசிக்கணும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நீ போனில் சொன்னதற்கு மறுநாள் தரகர் வந்தபோது அப்பா, "எம்மவளே அங்கன இருந்து இதான் சரின்னு சொல்லுதா. நாங்க என்னத்தக் கண்டோம்" என்று ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஆடி மாதமாயிற்றே என்று நான் இழுத்தேன். பதினெட்டாம் பெருக்கு நல்ல நாள்தானே என்று தரகர் முடித்துவிட்டார். பட்டா எங்கள் இரண்டு பேர் பேரிலும் இருக்கிறது, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இன்னும் ஒன்பது நாள்.

கரண்ட் வேண்டாம் என்று சொல்ல நான் ஆள் இல்லை பிரித்திகா. ஐந்து நிமிடம் மிக்ஸி நின்றால் முதலில் கத்துகிறவள் நான்தான். நிலத்தைத் தெய்வம் என்று கும்பிடுகிறவளும் இல்லை. களை எடுத்தே இடுப்பு போயிற்று. போன வருஷம் அறுப்பு நேரத்து மழையில் உளுந்து செடியிலேயே முளைத்ததைப் பார்த்துவிட்டு, இந்தச் சனியனை யாருக்காவது கொடுத்துத் தொலைக்கலாம் என்று சொன்னதும் நான்தான். சித்தப்பா காட்டில் தகடு பதித்த பிறகு, வேலி ஓரம் நின்று ஒரு பொழுது முழுக்க வேடிக்கை பார்த்தேன். சூரியன் நகர நகர அதுவும் மெல்ல முகம் திருப்புகிறது. ஆச்சரியமாகத்தான் இருந்தது. இருட்டினால் இது என்ன செய்யும் என்று காவல்காரரைக் கேட்டேன். "நம்மள மாரி உறங்கும்" என்றார்.

எனக்கு ஆறாதது ஒரே வார்த்தைதான். "சும்மா கெடக்க பொட்டக்காட்டத்தானக்கா கேக்குதோம்" என்றார் ராஜமணி. அவரை விடு, அது அவர் பிழைப்பு. நீ அதே வார்த்தையைச் சொல்லலாமா? வைகாசியில் நம் காடு சும்மா கிடக்கவில்லை. சித்திரை மழை ஈரத்தில் அப்பா உழுது போட்டது. புழுவும் கோரைக்கிழங்கும் வெயிலில் சாகட்டும் என்றுதான் மண்ணைப் புரட்டிக் காயப்போட்டிருக்கிறோம். இவ்வளவு வெயில் வீணாகப் போகிறதே என்று பின்லாந்துப் பெண் சொன்னால், அவளுக்குத் தெரியாது. இதே காட்டில் பயறு பிடுங்கி வளர்ந்த நீ கை தூக்கினாயே என்றுதான் மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன். நேற்று விதைப்பயறை எடுத்து வெயிலில் உலர்த்தி, திரும்பப் பானையில் போட்டு மூடினேன். விதைக்கப்போகிறோமா இல்லையா என்று தெரியாமல் உலர்த்தியது இந்த வருஷம்தான்.

அப்பாவிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பிள்ள மேல படிக்க வேண்டாங்கியா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வேன்? மேல்படிப்புக்கு அங்கேயே இடம் கிடைக்கலாம் என்று உங்கள் பேராசிரியர் சொன்னதை நீ சொன்ன நாளிலிருந்து, அப்பா அந்த நாலு ஏக்கரை உன் படிப்பாகத்தான் பார்க்கிறார்கள். நீ படிக்கத்தான் வேண்டும். அதற்கு வேறு வழி தேடுவோம். வழியே இல்லையென்றால் நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சும்மா கிடக்கிற நிலம் என்று சொல்லிக் கொடுக்க மாட்டேன். விளைகிற நிலம், தெரிந்துதான் கொடுக்கிறோம் என்று சொல்லிக் கொடுக்கலாம்.

இத்துடன் இன்னொரு படம் வரும், பழைய ஆல்பத்தில் இருந்தது. நீ நான்காம் வகுப்பு படிக்கும்போது, ஒரு மார்கழியில், சோளக்கதிருக்குள் நிற்கிறாய். சிவப்பு ரிப்பன் மட்டும்தான் தெரியும், ஆளைத் தேட வேண்டும். அதே காடு, அதே வடக்கு மூலை, ஓரத்தில் அதே உடைமுள் மரம். புதன்கிழமை இரண்டு படத்தையும் சேர்த்துக் காட்டு. மறுபடியும் கை தூக்கச் சொல். எத்தனை கை தூக்கினார்கள் என்று நான் கேட்கமாட்டேன். உன் கை எங்கே இருந்தது என்று மட்டும் சொல்.

இந்தப் பக்கத்தையும் அப்பாதான் படம் எடுக்க வேண்டும். படம் எடுக்கிறவர்களுக்குக் கண் இருக்கத்தானே செய்யும். இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தனை பேர் நடுவிலும் நிமிர்ந்து நின்று பேசு. போன இடத்தில் உனக்கு எல்லாம் நன்றாக விளையட்டும்.

உன் அம்மா,
ராமலட்சுமி

மகளுக்கு அப்பா எழுதுவது. எல்லாப் பக்கமும் அனுப்பியிருக்கிறேன். கடைசி இரண்டு பக்கம் முதல் தடவை சரியாக விழவில்லை, படிக்கிறதிலேயே கவனம் போய்விட்டது. திரும்ப எடுத்தேன். அந்த ரிப்பன் படத்தை எடுத்ததும் நான்தான், அம்மாவுக்கு ஞாபகம் இல்லை போல. ராஜமணிக்குப் போன் போட்டு, பெருக்குக்கு வர வேண்டாம், மார்கழியில் வந்து காட்டைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்கும் வாய் வரவில்லை. நீ போன் பேசும்போது சொல்லிவிடு.

பூவனலிங்கம்