காதை அடைத்த பஞ்சு

இன்று காலை ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் ஒருத்தியின் காதில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டேன். பொங்கி நுரைத்தது. கூடவே அந்த வாடை எழுந்தது. சீழ் வடியும் காதுக்கென்றே உள்ள, செத்த மீன் வாடை. அவளுக்கு வெட்கம். எனக்கோ உன்மேல் கோபம். செத்தவன்மேல் கோபப்படுவது முட்டாள்தனம் என்று தெரியும். வருகிறதே, என்ன செய்ய?

சிகாமட் பக்கம் இந்த ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு, மருந்து போட்டுக் கட்டுக்கட்டும் டிரசராக நான் வந்தபோது நீ இங்கே பட்டறைக் கொல்லன். பால்வெட்டும் கத்திகளையெல்லாம் நீதான் தீட்டுவாய். நமக்கு ஒரே வயது. வந்த வாரமே சேர்ந்துகொண்டோம். சிறு பிள்ளையிலிருந்தே உன் இடது காது வடிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மெல்ல நகர்ந்துகொள்வார்கள். நீ கவனிக்காதவன்போல இருப்பாய்.

உனக்குப் புரியட்டும் என்று ஒரு நாள் என் பாடப் புத்தகத்துப் படத்தைக் காட்டினேன். "இது செவிப்பறை. உன்னுது ஓட்டையா இருக்கு. இதுக்குப் பின்னால மூணு குட்டி எலும்பு. சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அலமாக்! என் பட்டறையத் தூக்கி என் காதுக்குள்ளயே வெச்சிட்டானா? சுத்தி சரி, பட்டடை சரி. அங்கவடி எதுக்குடா, தொர குதிரையில ஏறி உள்ள வர்றதுக்கா?"

நானும் சிரித்தேன். பிறகு உன் காதின் பின்னெலும்பைத் தொட்டுச் சொன்னேன்: "இது கெட்டி எலும்பு இல்ல. தேன்கூடு மாதிரி அறை அறையா இருக்கு. அதுக்கு அந்தாண்ட மூளை. சீழ் வெளிய வடியற வரைக்கும் தப்பிச்ச. அடைச்சா உள்ள போகும்." தலையை ஆட்டினாய். அவ்வளவுதான்.

உன் தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். வரிசை வீடுகளான லயத்துச் சனம் முழுக்கச் சுற்றி நிற்கும். நீ பஞ்சை உருட்டி, தேன்மெழுகை உருக்கி, காதை இறுக அடைத்துக்கொண்டு வந்தாய். நான் பார்த்துவிட்டேன்.

"எடுடா அதை."

"மாமன் மடியில உட்கார்ற புள்ள மூக்கப் பொத்திக்கிட்டா உட்காரணும்? ஒரு நாளு, டாக்டரே. ஒரே ஒரு நாளு."

ஒரு நாளோடு நிற்கவில்லை. விருந்தில் எல்லோரும் உன்னை ஒட்டியே உட்கார்ந்தார்கள். "காது ஆறிடுச்சுப்பா இவனுக்கு" என்றார்கள். பெண் கொடுக்கக்கூட ஒருவர் பேச்செடுத்தார். அந்த ருசி உன்னை விடவில்லை. பஞ்சோடேயே அலைந்தாய். நான் தேடி வந்தால் பட்டறையின் பின்வழியாக நழுவினாய்.

காய்ச்சலோடு உன்னைத் தூக்கி வந்தபோது காதின் பின்னால் வீங்கி, மடல் முன்னே துருத்திக்கொண்டிருந்தது. எலும்பைத் திறந்து சீழை எடுக்க வேண்டும். அது ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் முடியும். ரயிலடிக்குக் கொண்டுபோக லாரி கேட்டேன். ஆபீஸ் கணக்கு பார்க்கும் பெரிய கிராணி தோட்டத்துத் துரையிடம் போய்த் திரும்பி வந்தார்.

"தொர சிரிக்கிறாரு. இன்னிக்குக் காதுவலிக்கு லாரி குடுத்தா, நாளைக்குப் பல்லுவலிக்குக் கப்பல் கேப்பானுங்களாம்."

மறுநாள் உனக்கு வலிப்பு கண்ட பிறகு லாரி வந்தது. ரயில் பாதிவழியில் உள்ள குளுவாங் சேருவதற்குள் நீ போய்விட்டாய். சவப்பெட்டி செய்யத் துரை பலகை கொடுத்தார். நல்ல பலகை.

இப்போது லயத்தில் அந்தப் பிள்ளையை "மாமன முழுங்குனவ" என்கிறார்கள். குத்திய நேரம் சரியில்லையாம். உன் தங்கை தோட்டைக் கழற்றிவிட்டாள், துளை தூர்ந்துகொண்டிருக்கிறது. யார் அப்படிச் சொன்னாலும் நான் சண்டைக்குப் போகிறேன். பிள்ளைக்குக் குத்தியது வெறும் சதையை, அவனைக் கொன்றது அவன் காதுக்குள் அடைபட்ட சீழ் என்று செவிப்பறையிலிருந்து மூளைவரை எலும்பெலும்பாகச் சொல்கிறேன். "டிரசருக்கு மண்ட கழண்டுருச்சு லா" என்று போய்விடுகிறார்கள். போகட்டும். உன்மேலும் துரைமேலும் விழ வேண்டிய பழியை அவள் தலையில் ஏற்ற விடமாட்டேன்.

நேற்று ஆஸ்பத்திரி வேலை முடிந்து, மேலெல்லாம் கார்பாலிக் மருந்து நாற்றத்தோடு உன் தங்கை வீட்டுக்குப் போனேன். பிள்ளை ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டது. மூக்கைச் சுளிக்கக்கூட இல்லை, மடையா.