தொடக்கூடாத எட்டு ஜிபி

மார்ச் 4
மாடி வீட்டு அக்கா என் செருப்பை மறுபடியும் ஓரமாகத் தள்ளி வைத்திருக்கிறாள். வேண்டுமென்றேதான். தங்கையிடம் சொன்னால், "நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்க்கா" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்கேன் சென்டரில் வேறு கதை. படங்களைச் சேர்த்துக் காட்டும் சர்வர் கொஞ்ச நாளாக நொண்டுகிறது. அதில் பொருத்தியிருப்பது எட்டு ஜிபி ராம், அதாவது மெமரி அட்டை, நான்கு; மொத்தம் முப்பத்திரண்டு. சிஸ்டம் காட்டுவதோ இருபத்து நான்கு. மீதி எட்டுக்குக் கால் முளைத்து நடந்துபோய்விட்டதா?

மார்ச் 5
பிடித்துவிட்டேன். சர்வர் எழும்போதே அதன் சிஸ்டத்துக்கு மூளையான கர்னலுக்குச் சில கட்டளைகள் கொடுப்போம், பூட் வரியில். அதன் கடைசியில் 'மெம்மேப்' என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொருள் இதுதான்: மேலே இருக்கும் எட்டு ஜிபியை ஒதுக்கி வை, யாருக்கும் கொடுக்காதே.

இது தானாக வராது. யாரோ கையால் எழுதியது. அந்த சர்வரின் பாஸ்வேர்ட் இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. நான் எழுதவில்லை. அப்படியென்றால் பக்கத்து இருக்கை மௌனச்சாமிதான். நான் வைத்த பட்டப்பெயர். மனிதர் வாயைத் திறந்தால்தானே?

எதற்கு ஒதுக்கினார்? அங்கே தனியாக ஏதாவது ஓட்டுகிறாரா? கேட்டால் மட்டும் சொல்லிவிடப் போகிறாரா? கேட்கவில்லை.

மார்ச் 6
தண்ணீர் பிடிக்க எழுந்து போகும்போது அவர் திரையைப் பூட்டுவதே இல்லை. ஒளிக்க ஒன்றுமில்லாதவர் போல ஒரு நடிப்பு. எட்டிப் பார்த்தேன். மகள் படம், ஒரு நெட்வொர்க் வரைபடம், அவ்வளவுதான். இவ்வளவு சுத்தமாக யாராவது இருப்பார்களா?

மார்ச் 9
அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று மௌனச்சாமி லீவு. நல்லதாகப் போயிற்று. மேனேஜரிடம் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

"நல்ல கண்ணும்மா உனக்கு. அந்த வரியை எடுத்துடு. அவர் வரட்டும், விசாரணை வச்சு வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்றார்.

எடுத்தேன். ரீபூட் செய்தேன். முப்பத்திரண்டு! படங்கள் பறக்கின்றன.

மார்ச் 10
நிம்மதியான நாள்.

மார்ச் 11
எக்ஸ்ரே டாக்டரம்மா காலையிலேயே கூப்பிட்டார். "ரெண்டு பேர் படத்துல குறுக்கால வெள்ளைக் கோடு விழுது. ஒரு பஸ் டிரைவருக்கு நுரையீரல்ல கட்டி மாதிரி காட்டுது. இதை நம்பறதா வேணாமா?"

டிரைவரின் மனைவி வராந்தா பெஞ்சில் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அப்போதும் என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? மௌனச்சாமி போகும்போது ஏதோ வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்றுதான்.

சர்வரை நிறுத்தி மெமரி சோதனையை ஓடவிட்டேன். கீழே இருக்கும் இருபத்து நான்கில் ஒரு குறையும் இல்லை. மேல் எட்டுக்குள் நுழைந்ததும் — சிவப்பு. சிவப்பு. மறுபடி சிவப்பு.

உடனே மௌனச்சாமிக்கு போன் போட்டேன்.

"ஐயோ, அதை எடுத்துட்டீங்களா? அங்க மெமரி கெட்டுப்போச்சும்மா, அது வழியா போற படமெல்லாம் சிதைஞ்சுடும். புதுசு கேட்டேன், இருக்கறத வச்சு ஓட்டுன்னுட்டாரு மேனேஜர். எந்த ராம்னு கழட்டிப் பார்க்க சர்வரை நிறுத்தவும் விடல. அதான் கர்னலே அந்தப் பக்கம் போகாதபடி ஒதுக்கி வச்சேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

மார்ச் 12
வரியைத் திரும்பப் போட்டேன். டிரைவருக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தோம். கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும் தாயி" என்றாள். எனக்கா? வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஒரு ராத்திரி முழுக்க அவளை அழவைத்ததே நான்தானே.

மேனேஜரிடம் போய் நின்றேன். "அவர் கேட்டாரா? எனக்கு ஞாபகமே இல்லையேம்மா" என்கிறார். நேற்றுவரை இந்த ஆளை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை! விசாரணை என்ற பேச்சையே இப்போது காணோம். புது ராம் மட்டும் சாயங்காலத்துக்குள் வந்து இறங்கிவிட்டது.

மார்ச் 16
வந்துவிட்டார். அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறதாம். நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், மேனேஜரிடம் சொன்னதையும் சேர்த்து. "பரவாயில்லம்மா, விடுங்க" என்றார். முகத்தில் கோபமே இல்லை. எனக்கும் பாரம் இறங்கியது.

மதியம் பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார். கதவுவரை போனவர் திரும்பி வந்து, திரையைப் பூட்டிவிட்டுப் போனார்.