மூன்றையும் வைக்கச் சொன்னீர்கள்

அண்ணே,

அரியலூரைத் தனி மாவட்டமாகக் கொடுத்து, மறு வருஷமே பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்து, பிறகு இன்னொரு தடவை கொடுத்தார்களே, அதற்கு அடுத்து வந்த தை மாசம். பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் நடந்தது அது. எனக்குத் தேதி எழுதத் தெரியாது. வருஷங்களை இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

போன வாரம் நம் ரயில்வே கேட் ரூமை இடித்தார்கள். கீழே சுரங்கப்பாதை வந்துவிட்டது, இனி கேட் வேண்டாமாம். இடித்துப்போட்டதில் அந்தச் சிவப்புத் தகரப் பெட்டி கிடந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. துருவும் வெடிமருந்தும் கலந்த அந்த வாசனை மட்டும் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுத் தபால்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நான் சொல்கிறேன், அவர் எழுதுகிறார்.

நீங்கள் கடற்படையில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டுக் கேட்கீப்பராக வந்தீர்கள். நான் கீமேன். விடிந்ததும் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தோடு நடந்து, அதைப் பிடித்திருக்கும் இரும்புச் சாவிகளில் தளர்ந்ததைத் தட்டி இறுக்குகிறவன். நீங்கள் வேலைக்கு வந்த முதல் வாரத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து ஒரு வில்லையைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தீர்கள். ஷூ பாலிஷ் டப்பா அளவு, இரண்டு பக்கமும் ஈயப் பட்டை. தண்டவாளத்தின் தலையில் வைத்துப் பட்டையை மடக்கிவிட்டால் சக்கரம் ஏறியதும் வெடிக்கும். சத்தம் கேட்டு டிரைவர் வண்டியை நிறுத்துவார். பனியில் கொடி தெரியாதபோது அதுதான் கொடி. ஆபீசில் அதற்கு டெட்டனேட்டர் என்று பெயர், எங்கள் வாயில் பட்டாசு.

“அமெரிக்காவுல இதுக்கு என்ன பேரு தெரியுமா? டார்பிடோ” என்றீர்கள்.

“கப்பல்ல வெச்சிருந்தேன்னு சொன்னீங்களே, அது?”

“அதுவும் டார்பிடோதான். அது பாதிப் பனைமரம் நீளம் இருக்கும். தண்ணிக்குள்ளயே போயி அடுத்த கப்பலு வவுத்துல அடிக்கும்.”

அதற்கும் முன்னால் அது ஒரு மீனின் பெயராம். திருக்கை மாதிரித் தட்டையாக மணலில் புதைந்து கிடக்கும், மிதித்தால் கரண்ட் அடித்துக் கால் மரத்துவிடும். மரத்துப்போவது என்பதுதான் அந்தச் சொல்லின் ஆதி அர்த்தம் என்று கப்பலில் ஒரு இன்ஜினியர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

“மீனுக்கும் அதே பேரு, குண்டுக்கும் அதே பேரு, பட்டாசுக்கும் அதே பேரா? பேருக்கு அவ்வளவு பஞ்சமா வெள்ளக்காரனுக்கு?”

“உங்க தெருவுல எத்தன ராமசாமி இருக்கான்? மொதல்ல அத எண்ணிட்டு வா.”

ஒருவன் கட்டிவைத்த காரியத்தை இன்னொருவன் கவிழ்த்தால் அதையும் இங்கிலீஷில் ‘டார்பிடோ பண்ணிட்டான்’ என்பார்கள் என்றீர்கள். தண்டவாள வேலை பார்க்கும் நம் கேங்குக்கு அது போதாதா? லீவு கொடுக்காத மேஸ்திரி டார்பிடோ பண்ணினார். தா.பழூரில் பேசி முடித்த சம்பந்தத்தை மாப்பிள்ளையின் சித்தப்பா டார்பிடோ பண்ணினார். நாங்கள் போய் நின்றதும் அடுப்பை அணைத்த இட்லிக்கடைக்காரம்மாவும் டார்பிடோதான். நீங்கள் மட்டும் ஒருநாள் சிரிக்காமல் ஒன்று சொன்னீர்கள்: “கப்பல்ல இருக்குறது கொல்றதுக்கு. மீனுகிட்ட இருக்குறது அதோட எரைக்கு. நம்ம பெட்டியில இருக்குறதுதான்யா ஆளக் காப்பாத்துறதுக்கு.”

ஆனால் அந்தப் பெட்டிக்கு நாங்கள் பயந்தோம். உள்ளே பத்து இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் எங்கே, எதற்கு, யார் சொல்லி என்று எழுதிக்கொடுக்க வேண்டும். முந்தின வருஷம் கேங்கில் ஒருவன், தண்டவாளத்தில் விரிசல் என்று மூன்றை வைத்து வண்டியை நிறுத்திவிட்டான். கடைசியில் பார்த்தால் அது எண்ணெய் வழிந்த கோடு. ஒரு மாசம் ஆபீசுக்கும் வீட்டுக்குமாக நடந்தான். அதைப் பார்த்தபிறகு எங்களுக்கு ரயிலைவிடப் பெட்டி பெரிசாகிவிட்டது.

அந்தத் தை மாசக் காலையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. மக்காச்சோள மூட்டை ஏற்றிய டிராக்டர் கேட்டைக் கடக்கும்போது டிரெய்லரின் அச்சு முறிந்து தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. நீங்கள் ஸ்டேஷனுக்குப் போன் போட்டீர்கள். பாசஞ்சர் வண்டி அங்கிருந்து கிளம்பிவிட்டது. பெட்டியிலிருந்து மூன்றை எடுத்து என் சட்டைப் பையில் போட்டு, சிவப்புக் கொடியையும் கையில் கொடுத்தீர்கள்.

“மூணையும் வை. ஒண்ணுகூட மிச்சம் வெக்காத. பதிலு நான் சொல்லிக்கிறேன், ஓடு!”

ஓடினேன். பத்து மீட்டருக்கு ஒன்றாக மூன்று வைக்க வேண்டும். ஒன்று நமுத்துப்போனாலும் அடுத்தது வெடிக்கும், அதற்காகத்தான் மூன்று. இது எனக்குத் தெரியாததல்ல. ஒன்றை வைத்து மடக்கினேன். இரண்டாவதைக் கையில் எடுத்தபோது அந்த ஆபீஸ் வராந்தாவும், என்னால் படிக்க முடியாத காகிதங்களும் கண்ணுக்கு முன் வந்தன. சத்தத்துக்கு ஒன்று போதாதா என்று திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

வண்டி வந்தது. வில்லை நசுங்கியது, வெடிக்கவில்லை. கொடியை ஆட்டிக்கொண்டு கத்தினேன். எஞ்சின் என்னைத் தாண்டும்போதுதான் டிரைவர் பார்த்துப் பிரேக் போட்டார். வேகம் குறைந்துதான் போய் இடித்தது, உயிர்ச்சேதம் இல்லை. மூட்டைகள் கிழிந்து தண்டவாளம் முழுக்க மஞ்சளாகச் சோளம். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த டிராக்டர்காரருக்கு மட்டும் கால் முறிந்தது.

நான் திரும்பி வந்ததும் நீங்கள் கேட்டது ஒன்றுதான். “எத்தன வெச்ச?”

“ஒண்ணுண்ணே.”

அடிப்பீர்கள் என்று நினைத்தேன். என் பையில் கைவிட்டு இரண்டையும் எடுத்தீர்கள். பெட்டியில் இருந்த ஏழையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்க் கேட்டுக்குப் பின்னால் இருந்த பாழுங்கிணற்றில் போட்டீர்கள்.

“பெட்டியில ஒண்ணுதான் இருந்துச்சு. அதத்தான் உங்கிட்ட குடுத்தேன். வெளங்குச்சா?”

“நீங்க ஏண்ணே மாட்டிக்கணும்?”

“எனக்குக் கப்பல் பென்சன் வருது. வேல போனா உனக்கும் மூணு பொண்ணுக்கும் என்ன வருது? வாய மூடு.”

விசாரணையில் அப்படியே சொன்னீர்கள். மிச்சமெல்லாம் நமுத்துவிட்டதால் கிணற்றில் போட்டேன், எழுதிவைக்க மறந்துவிட்டேன் என்று. உங்களைத் தெற்கே கடைசியில் ஒரு கேட்டுக்கு மாற்றினார்கள். நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் சம்சாரம் வரதராஜன்பேட்டையில் படுக்கையில் கிடந்த உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தார். அம்மா இறந்தபோது நீங்கள் மூன்று பஸ் மாறி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கல்லறையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் கேட்க அக்கா உங்களிடம் சொன்னார்: “கடலுக்கடியில குண்டப் பாத்துக்கிட்ட மனுசனுக்கு ஒரு தகர டப்பாவப் பாத்துக்கத் தெரியல.” நீங்கள் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நீங்கள் ரிட்டையராகி வந்தபிறகு ஒருமுறை கேட்டேன். “அக்காகிட்டயாவது சொல்லிடட்டாண்ணே?”

“ஒன் பென்சன் வரட்டும். அவ வாயில ஒண்ணும் தங்காது” என்று சிரித்தீர்கள்.

என் பென்சனும் வந்தது. மூன்று பெண்களையும் கட்டிக்கொடுத்தேன். அதன்பிறகு வாயை அடைத்தது நீங்கள் இல்லை, நான்தான். இன்றைக்குச் சொல்லலாம் என்று உங்கள் வீட்டுக்கு வருவேன். அக்கா டீ கொடுப்பார், குடித்துவிட்டுப் போயிட்டு வரேன் என்று கிளம்பிவிடுவேன். உங்கள் சவப்பெட்டியை மூடும்போதும் அக்கா அதே வார்த்தையைத்தான் சொல்லி அழுதார். கோபமாகச் சொல்லவில்லை, பழகிப்போய்ச் சொன்னார். எட்டினால் கை படும் தூரத்தில் நின்றுகொண்டு அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் அந்தத் தகரப் பெட்டியைக் கவனிக்காத ஆள் இல்லை. மாசாமாசம் வெயிலில் பரப்பி, துணியால் துடைத்து அடுக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு இதெல்லாம் தெரியும். உங்களுக்குச் சொல்வது, சொல்லிப் பழகத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரத்துக்கு வரதராஜன்பேட்டைக்குப் பஸ் ஏறுகிறேன். தபால்காரர் கூட வந்து வாசித்துக்காட்டுகிறேன் என்கிறார். வேண்டாம் என்றேன். செய்தவன் வாயால் சொல்ல வேண்டும்.

டிராக்டர்காரர் கடைசிவரை காலைச் சாய்த்துத்தான் நடந்தார். அவர் போய் ஏழெட்டு வருஷம் இருக்கும். எஞ்சின் டிரைவர் ஊருக்குப் போன இடத்தில் மாரடைப்பில் போய்விட்டார் என்று கேங்கில் பேசிக்கொண்டார்கள். விசாரித்த அதிகாரியும் இல்லை. நீங்கள் போய் மூன்று வருஷம். நான் வைக்காமல் விட்ட அந்த இரண்டால் அடிபட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான், அண்ணே. ஆரோக்கியமேரி அக்கா.