பாலத்துக்கு அப்பால் ஆஸ்பத்திரி

ஜூலை 14, செவ்வாய்

ஓய்வுக்காலத்துக்கு மட்டாஞ்சேரி சரிப்படுமா என்று பார்க்கத்தான் இங்கே வாடகைக்கு வந்தோம். இரண்டு மாதம் ஆகிறது. இன்று காலை மளிகைக்கடை வாசலில் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சேச்சி, பேடிக்க வேண்டா, பயப்படாதீங்க. ஆட்டோ வந்தாச்சு, நானும் வரேன்" என்றார் கடைக்காரர் ஷாஜி. கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

எர்ணாகுளம் போகும் வழியில், தோப்பும்படி பாலத்தில் நெரிசல். முக்கால் மணி நேரம் நகரவே இல்லை. இவருடைய நெற்றியைத் துடைத்தபடி, சென்னையாக இருந்தால் இந்நேரம் சேர்ந்திருப்போமே என்று தவித்தேன். ஷாஜி இறங்கி ஓடி, லாரிக்காரர்களிடம் கத்திக் கத்தி வழி வாங்கினார்.

ஈசிஜி பார்த்த டாக்டர், "இப்போ பயமில்லை. அடுத்த தடவை இவ்வளவு லேட் ஆகக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் சென்னையிலிருந்து மகள் வழக்கம்போல் கூப்பிட்டாள். "அப்பா எப்படி இருக்கார்? ஊர் பிடிக்கலைன்னா உடனே கிளம்பி வந்துடுங்கம்மா."

"நல்லா இருக்கார். ஊரும் பிடிச்சிருக்கு" என்றேன்.

இதுவரை அவளிடம் எதையும் மறைத்ததில்லை; இன்று காலை நடந்ததைச் சொல்லவில்லை. போனை வைத்த பிறகுதான் அது உறைத்தது. இங்கேயே இருப்பது என்று எப்போது முடிவு செய்தேன்? ஷாஜி கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறியபோதா? அது சரிதானா என்று தெரியவில்லை. விளக்கை அணைக்காமல், இவர் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.