நண்டு பிடிக்குமா என்று யாரும் கேட்காத வீடு

சிம்பாங் அம்பாட்,
ஞாயிற்றுக்கிழமை.

கூச்சிங்கில் இருக்கும் என் மகள் ஷாந்தினிக்கு அம்மா எழுதுவது. நான் நலம். உன் அப்பாவுக்கும் ஒரு குறையும் இல்லை, சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கட்டிக்கப் போகிறேன் என்கிற அவனைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே "டியூட்டிக்கு நேரமாச்சும்மா" என்று போனை வைத்துவிடுகிறாயே, அதற்குத்தான்.

"ஒரு நாள் அவங்க குடும்பத்தோட வெளிய போய்ப் பழகிப் பாருங்கம்மா, அப்புறம் பேசுங்க" என்றாய். நேற்றுப் போனோம். பழகிப் பார்த்துவிட்டேன், இப்போது பேசுகிறேன்.

உன் கவிநேசன் புதுக் காரோடு வந்து இறங்கினான். சீட்டில் பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை. சிலிப்பரைக் கழற்றித் தட்டிவிட்டு ஏறச் சொன்னான். உன் அப்பா ஏதோ கோயிலுக்குள் நுழைகிற மாதிரி பயபக்தியோடு ஏறினார். முன்சீட்டில் அவன் அப்பா தங்கராஜு, கறுப்புக் கண்ணாடி போட்ட மைனர். அவன் அம்மா கமலவேணியைக் கடைசி சீட்டில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் முட்டியை மடக்கி உட்கார வைத்திருந்தார்கள். நான் அங்கே போகிறேன் என்றேன். "அம்மாவுக்கு அது பழக்கம்தான் ஆன்ட்டி" என்றான் உன் துரை.

செர்காம் கடற்கரை போய்ச் சேரும்வரை அப்பனும் மகனும் வாயை மூடவில்லை. இவன் ஒரு நாள் லீவு போட்டால் ஆபீசே நின்றுவிடுமாம். மலாக்கா டவுனைத் தாண்டும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னான் பார்: "கல்யாணத்துக்கப்புறம் ஷாந்தினி வேலைய விட்டுருவா ஆன்ட்டி. அம்மா தனியாக் கஷ்டப்படுறாங்கல்ல?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கு நீ சம்மதித்தாயா? உன்னிடம் கேட்டானா, இல்லை எனக்குச் சொன்னதுபோலவே உனக்கும் சொல்லிவிட்டானா?

கடலோரக் கடையில் சுட்ட மீனும் நண்டும் வந்தன. அந்தம்மா ஓடு உடைத்து உடைத்துப் புருசன், மகன் இரண்டு பேர் தட்டிலும் சதையை வைத்தார். ஆபீசையே தாங்குகிறவனுக்கு ஒரு நண்டை உடைக்கக் கை இல்லை! தங்கராஜு காலிக் கிளாசை மேசையில் தட்டினார், அவ்வளவுதான், அந்தம்மா ஐஸ் வாங்க எழுந்து ஓடினார். இதைப் பார்த்து உன் அப்பாவும் தன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் பார்த்த பார்வையில் தானே உடைத்துக்கொண்டார்.

கடைசியில் ஆறிப்போன சோறும் மீன் தலையும்தான் அந்தம்மாவுக்கு. "அம்மாவுக்குத் தலைதான் பிடிக்கும்" என்றான் உன் ஆள். ஆமாம், வேறு எதைக் கண்ணில் காட்டினார்கள், பிடிப்பதற்கு? மிச்சமிருந்த நண்டை நான் எடுத்து அவர் தட்டில் வைத்தேன். வாயில் வைப்பதற்கு முன் புருசன் முகத்தைப் பார்த்தார்.

அடுத்த மாதம் பரிசம் போடலாம் என்று அந்த மைனரும் உன் அப்பாவும் அங்கேயே பேச ஆரம்பித்தார்கள். நான் கை கழுவப் போனேன். கமலவேணி பின்னாலேயே வந்தார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அக்கா, எனக்கு ஒத்தாசைக்கு ஆளு வேணாம்லா. பொண்ண வேலய மட்டும் விடவேணாம்னு சொல்லுங்க. நானும் ஃபேக்டரியில சூப்பர்வைசரா இருந்தவதான்." உடனே குழாயை மூடிவிட்டு, மகனுக்குக் கை துடைக்க டிஷ்யூ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பரிசத்தைப் பற்றி நீ சொல்லும்வரை ஒன்றும் பேசக்கூடாது என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், இருக்கட்டும். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. ஆனால் என் பேச்சை நீ கேட்க வேண்டாம். அந்தம்மா பேச்சைக் கேள்.

குழாயடியில் நடந்ததை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே, கண்ணு. நீ வேண்டாம் என்று விலகிவிடலாம். அந்தம்மா அந்த வீட்டுக்குத்தானே திரும்பிப் போகவேண்டும்.

உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட்டு, நன்றாக இரு.

உன் அம்மா,
திலகவதி