முன்தேதியிட்ட மேஜர்

14-3-1962, புதன் இரவு. மண்டபம்.

நேற்று தபாலில் ஆர்டர் வந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம் என் ரிப்போர்ட் தேர்வுக் குழுவுக்குப் போகவே இல்லை. அதனால் மேஜர் பதவி இரண்டு வருடம் தாமதமாகத்தான் வந்தது. மனு மேல் மனு போட்டு, மறுபடி பரிசீலித்து, இப்போது இரண்டு வருடம் முன்பே மேஜரானதாகப் பழைய தேதியையே கொடுத்துவிட்டார்கள். என் உரிமை. யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை.

இன்று காலை மேஜர் சேதுராமன் தன் அம்மாவோடு ராமேஸ்வரம் போனார். வண்டி இங்கே நிற்கும்போது பார்க்கப் போனேன். வயதில் மூத்தவர், பட்டாளத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர். என்னை முந்தி மேஜரானதால் இரண்டு வருடம் அவரை சார் என்றுதான் கூப்பிட்டேன். புது ஆர்டர்படி அவர் எனக்குக் கீழே. அடுத்து காலியாகும் கர்னல் இடமோ ஒன்றே ஒன்று.

வேட்டியில் இருந்தால் சல்யூட் கிடையாது. குதிகாலைச் சேர்த்து நின்று "சார்" என்பதுதான் எங்கள் வழக்கம். அவர் இறங்கியதும் என் கால் தானாகச் சேர்ந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவர் விறைப்பாக நின்று "சார்" என்றார்.

ஜன்னலோரம் இருந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "ஏப்பா, நீதான பெரியவன்? தம்பியப் போயி சாருங்குற?"

"இல்லம்மா. ரெண்டு வருசமா இவருதான் பெரியவராம். இப்பத்தான் சொல்றாங்க."

அம்மா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். சேதுராமன் சிரிக்கவில்லை. கர்னல் இடத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

வண்டி பாலத்தை நோக்கி நகர்ந்த பிறகுதான் கவனித்தேன். என் குதிகால்கள் இன்னும் சேர்ந்தேதான் இருந்தன.